உப்பு சேர்த்தால், நீர் சேர்த்தால்: கரைசலின் செறிவைக் கணக்கிட ஒரு முழுமையான வழிகாட்டி

200 கிராம் உப்புக் கரைசல் இருக்கிறது. அதன் செறிவு 10%. அதை 20% ஆக்க இன்னும் எவ்வளவு உப்பு போட வேண்டும்?

உள்ளே இருப்பது 20 கிராம் உப்பு, செறிவு இரட்டிப்பாக வேண்டும், ஆகவே இன்னொரு 20 கிராம் போட்டால் போதும் என்றுதான் முதலில் தோன்றும். போட்டால் 18.18% தான் வரும். சரியான விடை 25 கிராம். ஆனால் அதே கரைசலை 5% ஆக்க வேண்டும் என்றால் 200 கிராம் நீர் ஊற்றினால் சரியாக வந்துவிடும். செறிவு பாதியாக வேண்டும், எடை இரட்டிப்பாகட்டும் என்ற மனக்கணக்கு அங்கே பிசகாமல் பலிக்கிறது. நீர் சேர்க்கும்போது பலிக்கும் மனக்கணக்கு உப்பு சேர்க்கும்போது ஏன் பலிக்கவில்லை? இது புரிந்துவிட்டால் செறிவுக் கணக்குகளில் பெரும்பகுதி கைக்குள் வந்துவிடும். சூத்திரங்களை மனப்பாடம் செய்யவே தேவையில்லை.

செறிவு என்பது எதற்கு எது?

கரைவது கரைபொருள், கரைப்பது கரைப்பான், இரண்டும் சேர்ந்தது கரைசல். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் செறிவு என்று சொல்லும்போது கரைபொருளை எதனால் வகுக்கிறோம் என்பதில்தான் பாதிப் பிழைகள் பிறக்கின்றன. நிறை சதவீதத்தில் கரைபொருளின் நிறையை மொத்தக் கரைசலின் நிறையால் வகுக்கிறோம், நீரின் நிறையால் அல்ல. 10 கிராம் உப்பை 100 கிராம் நீரில் கரைத்தால் கிடைப்பது 10% கரைசல் இல்லை. மொத்தம் 110 கிராம் ஆகிவிடுவதால் அது 9.09% கரைசல். 10% வேண்டுமென்றால் 10 கிராம் உப்புக்கு 90 கிராம் நீர்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. செறிவு என்ற பின்னத்தில் உப்பு மேலேயும் இருக்கிறது, மொத்தக் கரைசலுக்குள் கீழேயும் ஒளிந்திருக்கிறது. நீரோ கீழே மட்டும் இருக்கிறது. நீர் சேர்க்கும்போது பின்னத்தின் கீழ்ப்பகுதி மட்டும் வளர்கிறது. உப்பு சேர்க்கும்போது இரண்டும் சேர்ந்தே வளர்கின்றன. தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடையே இதுதான்.

செறிவைச் சொல்ல வேறு அளவுகளும் இருக்கின்றன. ஒரு லிட்டர் கரைசலில் கரைபொருள் எத்தனை மோல் (துகள்களின் எண்ணிக்கையைச் சொல்லும் அலகு; ஒரு மோலின் நிறைதான் மோலார் நிறை) என்பது மோலாரிட்டி. ஒரு கிலோகிராம் கரைப்பானில் எத்தனை மோல் என்பது மோலாலிட்டி. வெப்பநிலை மாறினால் திரவத்தின் கனஅளவும் மாறும், அதோடு மோலாரிட்டியும் சற்று மாறும். நிறைக்கு அந்தத் தொல்லை இல்லை, அதனால் மோலாலிட்டி அப்படியே இருக்கும். மருத்துவமனையில் இரத்தக் குழாய் வழியாக ஏற்றும் 0.9% சலைன் இன்னொரு வகை. அங்கே 100 மி.லி. கரைசலில் 0.9 கிராம் உப்பு, அதாவது லிட்டருக்கு 9 கிராம். சோடியம் குளோரைடின் மோலார் நிறை 58.44 கிராம் என்பதால் இது லிட்டருக்கு சுமார் 0.154 மோல். எந்தக் கணக்கைத் தொடங்கும் முன்பும் இது எந்த வகைச் செறிவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு வகைகளைக் கலந்து கணக்குப் போட்டால் விடை எந்தப் பக்கம் தவறுகிறது என்றுகூடத் தெரியாது.

முதல் படி எப்போதும் ஒன்றுதான்

கரைசலைத் தொட்டு எதையாவது செய்யும்போது, எது மாறவில்லை என்று முதலில் தேடுங்கள். மாறுவதைத் துரத்தினால் கணக்கு சிக்கலாகும். மாறாததைப் பிடித்துக்கொண்டால் விடை தானாக வரும்.

நீர் சேர்த்தால் கரைபொருளின் நிறை மாறாது. நீரை ஆவியாக்கினாலும், உப்பைப் போல் ஆவியாகாத கரைபொருள் என்றால், அதன் நிறை மாறாது. கரைபொருள் சேர்த்தால் நீரின் நிறை மாறாது. கரைசலில் பாதியைக் கொட்டிவிட்டால் உப்பும் குறைகிறது, நீரும் குறைகிறது, செறிவு மட்டும் மாறாது. இந்தக் கடைசி விஷயத்தில் நிறையப் பேர் தடுமாறுவார்கள். கரைசல் குறைந்துவிட்டது, ஆகவே செறிவும் குறைந்திருக்கும் என்று நினைப்பார்கள். நன்றாகக் கலந்த கரைசலின் எந்தப் பகுதியை எடுத்தாலும் உப்பும் நீரும் ஒரே விகிதத்தில்தான் இருக்கும். ஒரு சொட்டு மிஞ்சினாலும் அந்தச் சொட்டும் அதே செறிவுதான்.

நீர் சேர்க்கும்போது

நம் 200 கிராம் கரைசலுக்கே வருவோம். அதில் 20 கிராம் உப்பு, 180 கிராம் நீர். இதில் 200 கிராம் நீர் ஊற்றினால் மொத்தம் 400 கிராம், உப்பு அதே 20 கிராம், செறிவு 5%. மறுபடி 200 கிராம் ஊற்றினால் 3.33%. மறுபடி ஊற்றினால் 2.5%. இன்னொரு முறை ஊற்றினால் 2%. ஒவ்வொரு தடவையும் ஊற்றுவது அதே 200 கிராம்தான். ஆனால் முதல் தடவை செறிவு 5 புள்ளி இறங்கியது, நான்காம் தடவை அரைப் புள்ளிதான் இறங்குகிறது. வரைபடமாகப் போட்டால் முதலில் செங்குத்தாக விழுந்து, பிறகு மெல்ல மெல்லத் தட்டையாகும் வளைகோடு கிடைக்கும். அது பூஜ்யத்தை நெருங்கும், தொடாது. எவ்வளவு நீர் ஊற்றினாலும் அந்த 20 கிராம் உப்பு எங்கேயும் போய்விடவில்லை அல்லவா?

கனஅளவை வைத்துக் கணக்கிடும்போது இதே கருத்தை இப்படி எழுதலாம்:

முதல் செறிவு × முதல் கனஅளவு = புதிய செறிவு × புதிய கனஅளவு

சமன்பாட்டின் இரு பக்கமும் கரைபொருளின் அளவுதான் இருக்கிறது. அது மாறவில்லை என்பதைத்தான் சமக்குறி சொல்கிறது. இதனால்தான் கரைபொருள் சேர்க்கும் கணக்குகளில் இந்தச் சூத்திரத்தைப் போடக்கூடாது. அங்கே இந்தப் பெருக்கற்பலன் மாறிவிடுகிறது.

நடைமுறை உதாரணம் ஒன்று. கையில் 5% சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் இருக்கிறது. மேசை, தரை போன்ற பரப்புகளைக் கிருமிநீக்கம் செய்ய உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த அளவு 0.1%. 1 லிட்டர் வேண்டும். 0.1 × 1000 = 100. அதை 5-ஆல் வகுத்தால் 20. ஆக 20 மி.லி. எடுத்து, நீர் சேர்த்து, மொத்தம் 1000 மி.லி. ஆக்க வேண்டும். ஊற்றும் நீர் சுமார் 980 மி.லி. வெந்நீர் வேண்டாம், அந்த வேதிப்பொருள் சூட்டில் சிதைந்துவிடும். அமிலம் கலந்த எதோடும் இதைச் சேர்க்கவே கூடாது, நச்சான குளோரின் வாயு கிளம்பும்.

இங்கே ஒரு வழக்குமொழிக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. ‘1:10 ஆக நீர்த்துக்கொள்’ என்று எழுதியிருந்தால் சிலர் 1 பங்கு கரைசலோடு 9 பங்கு நீர் சேர்த்து மொத்தம் 10 பங்கு ஆக்குவார்கள். சிலர் 1 பங்கோடு 10 பங்கு நீர் சேர்த்து 11 பங்கு ஆக்குவார்கள். முதலாவதில் செறிவு பத்தில் ஒன்று, இரண்டாவதில் பதினொன்றில் ஒன்று. வித்தியாசம் ஏறக்குறைய 9%. பிறருக்காகக் குறிப்பு எழுதும்போது ‘10 மி.லி. எடுத்து மொத்தம் 100 மி.லி. ஆக்கவும்’ என்று முழுசாக எழுதுவதே என் பரிந்துரை. விகிதக்குறியை விட்டுவிடுங்கள்.

மிகப் பெரிய நீர்த்தலை ஒரே அடியில் செய்ய முயல வேண்டாம். ஆயிரம் மடங்கு நீர்க்க வேண்டுமென்றால் 0.1 மி.லி. எடுத்து 100 மி.லி. ஆக்குவதைவிட, 10 மி.லி. எடுத்து 100 ஆக்குவதை மூன்று முறை அடுத்தடுத்துச் செய்வது நல்லது. 0.1 மி.லி. அளக்கும்போது ஒரு சிறு சொட்டு கூடினாலும் விடையே மாறிவிடும். 10 மி.லி.யில் அதே சொட்டு பெரிதாகத் தெரியாது. ஒவ்வொரு படியிலும் நன்றாகக் கலக்கிவிட்டுத்தான் அடுத்த படிக்கு எடுக்க வேண்டும்.

இந்தப் பெருக்கல் வலிமையைக் கழுவும்போதும் பயன்படுத்தலாம். ஒரு குடுவையைக் கவிழ்த்த பிறகும் அதில் 1 மி.லி. பழைய கரைசல் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 30 மி.லி. நீரை ஒரே தடவை ஊற்றி, கலக்கி, கொட்டினால் ஒட்டியிருப்பதன் செறிவு 31-இல் ஒன்றாகிறது. அதே 30 மி.லி.யை மூன்று பத்து மி.லி.யாகப் பிரித்து மூன்று தடவை கழுவினால், ஒவ்வொரு தடவையும் 11-இல் ஒன்று, மொத்தத்தில் 1331-இல் ஒன்று. நீர் அதே 30 மி.லி. தான். கண்ணாடிச் சாமான்களைச் சிறிது சிறிதாகப் பல தடவை அலசச் சொல்வது இதனால்தான்.

போட்டித் தேர்வுகளில் வரும் ‘எடுத்துவிட்டு நீர் நிரப்பும்’ கணக்கும் இந்த இனம்தான். 100 லிட்டரில் 10 லிட்டரை எடுத்துவிட்டு 10 லிட்டர் நீர் ஊற்றினால் கரைபொருள் 0.9 மடங்காகும். மூன்று முறை செய்தால் 0.9 × 0.9 × 0.9, அதாவது 0.729. தொடக்கத்தில் இருந்ததில் 72.9% மிச்சம்.

அமிலத்தை நீர்க்கும்போது கணக்கு மட்டும் போதாது. அடர் சல்பியூரிக் அமிலம் லிட்டருக்கு சுமார் 18 மோல் செறிவுள்ளது. லிட்டருக்கு 1 மோல் செறிவில் 1 லிட்டர் வேண்டுமென்றால் சுமார் 56 மி.லி. அமிலம் போதும். ஆனால் அமிலத்தைத்தான் நீரில் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும், கலக்கிக்கொண்டே. நீரை அமிலத்தில் ஊற்றவே கூடாது. கலக்கும்போது ஏராளமான வெப்பம் வெளிப்படும். அமிலத்தின் மேல் விழும் கொஞ்ச நீர் சட்டென்று கொதித்து அமிலத்தோடு தெறிக்கும். நிறைய நீரில் கொஞ்சம் அமிலம் விழுந்தால் அந்த வெப்பத்தை நீர் வாங்கிக்கொள்ளும். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டுதான் இதைச் செய்ய வேண்டும்.

அமிலம் என்றதும் பிஎச் பற்றி ஒரு வார்த்தை. அமிலத்தன்மையைச் சொல்லும் எண் அது; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். வலிமையான அமிலத்தைப் பத்து மடங்கு நீர்த்தால் பிஎச் 1 கூடும். லிட்டருக்கு 0.01 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் 2, பத்து மடங்கு நீர்த்தால் 3. இப்படியே போனால் 8, 9 என்று காரமாகிவிடுமா? ஆகாது. 7-ஐ நெருங்கி நின்றுவிடும். நீர் தானே சிறிதளவு ஹைட்ரஜன் அயனிகளைத் தருகிறது, அவற்றை நீர் ஊற்றிக் குறைக்க முடியாது.

கரைபொருள் சேர்க்கும்போது

இனி 25 கிராம் எப்படி வந்தது என்று பார்ப்போம். பள்ளியில் சொல்லித்தரும் வழி இது. சேர்க்க வேண்டிய உப்பு ‘க’ கிராம். புதிய உப்பு 20 + க. புதிய மொத்தம் 200 + க. முதலாவது இரண்டாவதில் 20% ஆக வேண்டும்.

20 + க = 0.2 × (200 + க)
20 + க = 40 + 0.2க
0.8க = 20
க = 25

சரியான வழிதான். ஆனால் இதைவிட அழகான வழி இருக்கிறது. மாறாதது எது? நீர். அது 180 கிராம். புதிய கரைசலில் உப்பு 20% என்றால் நீர் 80%. 180 கிராம் என்பது 80% என்றால் மொத்தம் 225 கிராம். ஏற்கெனவே இருப்பது 200. ஆக 25 கிராம் சேர்க்க வேண்டும். சமன்பாடே இல்லாமல் மனத்திலேயே முடிந்துவிட்டது. உப்பைப் பார்க்காமல் நீரைப் பார்ப்பது என்ற இந்த ஒரு திருப்பம்தான் இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

இனி 20 கிராம் 20 கிராமாக உப்பு போட்டுக்கொண்டே போவோம். முதல் தடவை 40/220, அதாவது 18.18%. இரண்டாம் தடவை 60/240, அதாவது 25%. மூன்றாம் தடவை 80/260, கணக்குப்படி 30.8%. பீக்கரில் அது வராது.

ஏனென்றால் சாதாரண அறை வெப்பநிலையில் 100 கிராம் நீர் சுமார் 36 கிராம் உப்பைத்தான் கரைக்கும். 180 கிராம் நீருக்கு 64.8 கிராம். மூன்றாம் தடவையில் நாம் போட்டிருப்பது 80 கிராம். மிச்சம் 15.2 கிராம் அடியில் படிந்து கிடக்கும். மேலே இருக்கும் தெளிந்த கரைசலில் 64.8/244.8, அதாவது 26.5%. இதற்கு மேல் இன்னும் எவ்வளவு உப்பு கொட்டினாலும் அடியில் குவியல் வளருமே தவிர செறிவு நகராது. இதுதான் தெவிட்டிய கரைசல். அறை வெப்பநிலையில் 30% உப்புக் கரைசல் தயாரிக்கச் சொல்லி ஒரு கணக்கு கேட்டால், அந்தக் கேள்வியே தவறு. ஆகவே கரைபொருள் சேர்க்கும் எந்தக் கணக்கிலும் விடை வந்ததும் கரைதிறனோடு ஒப்பிடுவது கட்டாயம். சர்க்கரை என்றால் எல்லை வெகுதூரத்தில் இருக்கிறது. 20 டிகிரி செல்சியஸில் 100 கிராம் நீரில் சுமார் 200 கிராம் கரையும்.

சூடாக்கினால் எல்லை நகருமா என்றால், பொருளைப் பொறுத்தது. பொட்டாசியம் நைட்ரேட் 20 டிகிரியில் 100 கிராம் நீரில் சுமார் 32 கிராம் கரையும், 60 டிகிரியில் சுமார் 110 கிராம் கரையும். சமையல் உப்போ 100 டிகிரியில்கூட சுமார் 39 கிராம்தான் கரையும்.

அடியில் உப்பு படிந்திருக்கும் நிலையில் நீர் சேர்த்தால் என்ன ஆகும்? நீர் சேர்த்தால் செறிவு குறையும் என்பது இங்கே பொய்த்துவிடும். 100 கிராம் நீரில் 50 கிராம் உப்பு போட்டிருக்கிறோம். 36 கிராம் கரைந்துவிட்டது, 14 கிராம் அடியில். கொஞ்சம் நீர் ஊற்றிக் கலக்கினால் அடியில் இருப்பதில் கொஞ்சம் கரைந்து மேலே வரும், செறிவு மறுபடி 26.5% ஆகிவிடும். இப்படி ஏறக்குறைய 39 கிராம் நீர் சேர்க்கும் வரை செறிவு அசையாது. 50 கிராம் உப்பும் கரைய 138.9 கிராம் நீர் வேண்டும் அல்லவா? அந்த இடத்தைத் தாண்டிய பிறகுதான் செறிவு இறங்கத் தொடங்கும். கரைசலின் செறிவைப் பற்றிப் பேசும்போது கரைந்த உப்பு மட்டுமே கணக்கில் வரும், பாத்திரத்தில் இருக்கும் உப்பு அல்ல என்பதை இந்த உதாரணத்தைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டாது.

இன்னொரு மறைவான சிக்கல் படிகநீர். நீலமான காப்பர் சல்பேட் படிகம் தனிக் காப்பர் சல்பேட் அல்ல. ஒவ்வொரு மூலக்கூறோடும் ஐந்து நீர் மூலக்கூறுகள் சேர்ந்திருக்கின்றன. 25 கிராம் படிகத்தில் காப்பர் சல்பேட் சுமார் 16 கிராம்தான், மீதி 9 கிராம் நீர். 25 கிராம் படிகத்தை 225 கிராம் நீரில் கரைத்தால் 10% என்று எழுதிவிடத் தோன்றும். உண்மையில் 16/250, அதாவது 6.4%. இங்கே கரைபொருளையும் நீரையும் ஒன்றாகவே சேர்க்கிறோம். வேதிப்பொருள் புட்டியின் மேல் எழுதியிருக்கும் மூலக்கூறு வாய்பாட்டைப் பார்க்காமல் எடை போட்டுவிடாதீர்கள்.

அளவு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓஆர்எஸ் பொடியைவிடப் பொருத்தமான உதாரணம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் பரிந்துரைக்கும் கலவையில் ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் சோடியம் குளோரைடு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சோடியம் சிட்ரேட். மொத்தம் 20.5 கிராம். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை அரை லிட்டரில் கரைத்தால் எல்லாமே இரு மடங்கு செறிவாகும். அது குடலில் நீரை உள்ளே இழுக்கும், இரத்தத்தில் சோடியமும் ஏறக்கூடும். இரண்டு லிட்டரில் கரைத்தால் இழந்த உப்புகள் ஈடாகாது. பொட்டலத்தில் எழுதியிருக்கும் நீரின் அளவு வெறும் சம்பிரதாயம் அல்ல, மருந்தின் பாதி அதுதான்.

நீரை எடுக்கும்போது

நீரை ஆவியாக்கினால் கரைபொருள் மாறாது. நம் 10% கரைசலை 20% ஆக்க 100 கிராம் நீர் ஆவியாக வேண்டும். மிஞ்சும் 100 கிராமில் 20 கிராம் உப்பு. உப்பு போட்டால் 25 கிராம் போதும், நீரை எடுத்தால் 100 கிராம் எடுக்க வேண்டும். இரண்டாவது வழியில் கரைசலின் அளவு பாதியாகிவிடுகிறது என்பதையும் கவனியுங்கள்.

கேட்டதும் நம்ப முடியாத ஒரு கணக்கு இருக்கிறது. 100 கிலோ கரைசலில் 99% நீர், 1% உப்பு. நீர் 98% ஆகும் வரை ஆவியாக்குகிறோம். இப்போது கரைசலின் எடை என்ன? 99 கிலோ என்று சொல்ல வாய் துறுதுறுக்கும். விடை 50 கிலோ. மாறாதது 1 கிலோ உப்பு. அது இப்போது 2%. அப்படியென்றால் மொத்தம் 50 கிலோதான். நீரின் சதவீதத்தைப் பார்த்தால் ஒரே ஒரு புள்ளி குறைந்ததுபோல் தெரிகிறது, உப்பின் சதவீதத்தைப் பார்த்தால் இரட்டிப்பாகியிருக்கிறது.

தெவிட்டிய கரைசலில் இன்னும் ஆவியாக்கினால் செறிவு ஏறாது, உப்பு படிகமாக விழும். உப்பளங்களில் நடப்பது இதுதான். கடல்நீரில் சுமார் 3.5% உப்புகள். வெயில் நீரை எடுத்துக்கொண்டே போக, செறிவு ஏறி எல்லையைத் தொட்டதும் படிகம் விழத் தொடங்கும்.

எல்லாவற்றையும் ஒரே கண்ணால் பார்ப்பது

இதுவரை தனித்தனியாகப் பார்த்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிடலாம். நீர் என்பது 0% கரைசல். தூய உப்பு என்பது 100% கரைசல். அவ்வளவுதான். இனி நீர் சேர்த்தாலும் உப்பு சேர்த்தாலும் இன்னொரு கரைசல் சேர்த்தாலும் எல்லாமே இரண்டு கரைசல்களைக் கலப்பதுதான். கலவையின் செறிவு எப்போதும் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும்.

நடுவில் எங்கே? சிறுவர்கள் விளையாடும் ஏற்ற இறக்கப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். கனமானவர் நடுவுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும், மெலிந்தவர் தள்ளி உட்கார வேண்டும். எடையையும் தூரத்தையும் பெருக்கினால் இரு பக்கமும் சமம். கரைசல்களிலும் அப்படியே. வேண்டிய செறிவுதான் பலகையின் நடு. அதிலிருந்து ஒவ்வொரு கரைசலும் எத்தனை புள்ளி தள்ளியிருக்கிறதோ அதுதான் தூரம்.

10%-ஐ 20% ஆக்க உப்பு சேர்க்கிறோம். 10-லிருந்து 20-க்குத் தூரம் 10. 100-லிருந்து 20-க்குத் தூரம் 80. ஆகவே உப்பு எட்டில் ஒரு பங்கு போதும். 200-இல் எட்டில் ஒன்று 25. அதே 10%-ஐ 5% ஆக்க நீர் சேர்க்கிறோம். 10-லிருந்து தூரம் 5, பூஜ்யத்திலிருந்து தூரம் 5. சரிசமம், ஆகவே 200 கிராம். தொடக்கத்தில் பார்த்த இரண்டு விடைகளும் இப்போது ஒரே வரியில் வந்துவிட்டன. நீர்ப்பக்கம் மனக்கணக்கு பலித்ததற்குக் காரணம், நீர் நிற்கும் இடம் சரியாகப் பூஜ்யம் என்பதுதான்.

இரண்டு கரைசல்களுக்கும் இதே முறை. 30% சர்க்கரைக் கரைசலும் 5% சர்க்கரைக் கரைசலும் இருக்கின்றன, 15% வேண்டும். 30-க்குத் தூரம் 15, 5-க்குத் தூரம் 10. எடைகள் தலைகீழாக, 30% கரைசல் 10 பங்கு, 5% கரைசல் 15 பங்கு. சுருக்கினால் 2-க்கு 3. சரிபார்க்க, 2 × 30 + 3 × 5 = 75, ஐந்தால் வகுத்தால் 15.

நிறையைக் கூட்டலாம், கனஅளவைக் கூட்டக்கூடாது

இதுவரை பெரும்பாலும் கிராமில் பேசியதற்குக் காரணம் இருக்கிறது. நிறைகளை அப்படியே கூட்டலாம். கனஅளவுகளை அப்படிக் கூட்ட முடியாது. 50 மி.லி. எத்தனாலையும் 50 மி.லி. நீரையும் கலந்தால் 100 மி.லி. வராது, சுமார் 96, 97 மி.லி. தான் வரும். இரண்டின் மூலக்கூறுகளும் ஒன்றையொன்று ஈர்த்து நெருக்கமாக அடுக்கிக்கொள்கின்றன. தனிம அட்டவணையைத் தந்த மெண்டலீவ் 1865-இல் தம் முனைவர் ஆய்வேட்டை எழுதியதே ஆல்கஹாலும் நீரும் சேர்வதைப் பற்றித்தான். ஆகவே 95% ஆல்கஹாலிலிருந்து 70% ஆல்கஹால் 100 மி.லி. தயாரிக்க வேண்டுமென்றால் 73.7 மி.லி. எடுத்துக்கொண்டு, 100 மி.லி. கோடு வரும் வரை நீர் ஊற்ற வேண்டும். 26.3 மி.லி. நீர் என்று அளந்து ஊற்றினால் குறைவாக இருக்கும்.

உப்புக் கரைசலிலும் இதே எச்சரிக்கை. லிட்டருக்கு 1 மோல் உப்புக் கரைசல் வேண்டுமென்று 1 லிட்டர் நீரில் 58.44 கிராம் உப்பைக் கொட்டினால், கனஅளவு ஒரு லிட்டரைவிடச் சுமார் 18 மி.லி. கூடிவிடும், செறிவு 0.98-தான் வரும். முறையாகச் செய்வது இப்படி:

1. உப்பைத் துல்லியமாக எடை போட்டு பீக்கரில் இடுங்கள்.
2. சுமார் 600 அல்லது 700 மி.லி. வடிநீர் ஊற்றி, முழுவதும் கரையும் வரை கலக்குங்கள்.
3. கழுத்தில் ஒற்றைக் கோடு போட்ட 1 லிட்டர் திட்டக்குடுவைக்கு அதை மாற்றுங்கள். பீக்கரைச் சிறிது நீரால் இரண்டு மூன்று தடவை அலசி, அலசிய நீரையும் குடுவையிலேயே ஊற்றுங்கள். பீக்கரில் ஒட்டியிருப்பதும் நாம் எடை போட்ட உப்புதான்.
4. கரைசல் அறை வெப்பநிலைக்கு வரட்டும். இத்தகைய குடுவைகளில் பெரும்பாலும் 20 டிகிரி என்று அச்சிட்டிருப்பார்கள், அந்தச் சூட்டில்தான் கோடு சரி.
5. நீரின் வளைந்த மேற்பரப்பின் அடிப்புள்ளி கோட்டைத் தொடும் வரை, கடைசியில் சொட்டுச் சொட்டாக நீர் சேர்த்து, மூடிக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்குங்கள்.

கோட்டைத் தாண்டிவிட்டால் உறிஞ்சி எடுத்துச் சரிசெய்ய முயல வேண்டாம். எடுப்பது வெறும் நீர் அல்ல, கரைசல். செறிவு மாறாது, தவறு அப்படியே இருக்கும். புதிதாகத் தயாரிப்பதே வழி.

எல்லாம் சேர்ந்த ஒரு கணக்கு

500 கிராம் சர்க்கரைக் கரைசல், செறிவு 12%. அதில் 100 கிராமைக் கொட்டிவிடுகிறோம். பிறகு 100 கிராம் நீர் சேர்க்கிறோம். அப்புறம் சர்க்கரை போட்டு 20% ஆக்க வேண்டும். எவ்வளவு சர்க்கரை?

கொட்டும்போது செறிவு மாறாது. மிஞ்சுவது 400 கிராம், அதே 12%, ஆகவே சர்க்கரை 48 கிராம். நீர் சேர்க்கும்போது சர்க்கரை மாறாது. மொத்தம் 500, சர்க்கரை 48, செறிவு 9.6%. சர்க்கரை சேர்க்கும்போது நீர் மாறாது. நீர் 452 கிராம், அது 80% ஆக வேண்டும், மொத்தம் 565. ஆக 65 கிராம் சர்க்கரை. கரைதிறனைப் பார்க்கலாம். 452 கிராம் நீரில் 113 கிராம் சர்க்கரை, எல்லைக்கு வெகுதூரம் முன்னால்தான் இருக்கிறது. பலகை முறையில் சரிபார்த்தால், 9.6-லிருந்து தூரம் 10.4, 100-லிருந்து தூரம் 80. 500 × 10.4-ஐ 80-ஆல் வகுத்தால் அதே 65.